கோடிக்கரையில் நீ இறைத்த எள்ளும் தண்ணீரும்

தம்பி,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். கடிதம் என்றால் நலம், நலமறிய அவா என்று தொடங்குவது வழக்கம். என் விஷயத்தில் அதற்கும் முன்னால் இந்த ஒரு வரியைச் சொல்லவேண்டியதாகிவிட்டது. இன்று காலை காபி குடித்தேன். சர்க்கரை போதாது என்று சொல்லி உன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பேப்பரில் காலமானவர்கள் பகுதியை மேலிருந்து கீழ் வரை படித்தேன், என் பெயரைக் காணோம். ஆகவே இருக்கிறேன். உன் விலாசம் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லமாட்டேன் என்கிறார்கள். அதனால் மாதாமாதம் நான் கோமாளித்தனம் பண்ணும் இந்தப் பத்திரிகைப் பக்கத்திலேயே உனக்கு எழுதுகிறேன். ஆசிரியர் இதையும் நகைச்சுவை என்று நினைத்து அச்சில் ஏற்றிவிடுவார். வாசகர்களும் பழக்கதோஷத்தில் இரண்டு இடத்திலாவது சிரித்து வைப்பார்கள். உன் அம்மா கண்ணில் படுமோ என்ற பயம் இல்லை. அவள் என் பக்கத்தைப் படிப்பதே கிடையாது. எழுதுகிற ஆளைத் தினமும் பார்க்கிறேனே, அது போதாதா என்பாள்.

செய்தியைக் கொண்டுவந்தவர் உன் பாபநாசம் சித்தப்பா. அவரை உனக்குத் தெரியும், வாசகர்களுக்காகச் சொல்கிறேன். உச்சவரம்புச் சட்டம் வந்தபோது ஊரில் அவனவன் நிலத்தை மாமியார் பேரிலும் மாரியம்மன் பேரிலும் எழுதி வைத்து ஒளித்தான் அல்லவா, இவர் தன் பங்கை மைத்துனன் பேரில் எழுதினார். மைத்துனன் அதை நிஜம் என்று நம்பிவிட்டான். அன்றிலிருந்து சித்தப்பா அமாவாசை தவறாமல் ஏதாவது ஒரு தண்ணீரில் முழுக்குப் போடுகிறார், முன்னோர்களிடம் மைத்துனனைப் பற்றிக் கோள் சொல்வதற்காக. இந்தத் தை அமாவாசைக்குக் கோடிக்கரை. அங்கிருந்து நேரே நம் வீட்டுக்கு வந்து, உட்காராமல், என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணே, உங்களுக்கு உடம்பு கிடம்பு ஒண்ணும் இல்லையே?"

"பார்த்தா எப்படித் தெரியுது? உங்க வீட்டு விருந்துலதான் சாப்பாடு மோசம், மத்தபடி நல்லாத்தான் இருக்கேன்."

"விளையாடாதீங்க. கோடிக்கரையில நம்ம தம்பியப் பார்த்தேன். இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு எள்ளும் தண்ணியும் இறைக்கிறான். கிட்டப் போறதுக்குள்ள கூட்டத்துல காணாமப் போயிட்டான். அப்புறம்தான் யோசிச்சேன், அண்ணன்தான் குத்துக்கல்லாட்டம் இருக்காரே, இவன் யாருக்கு விடறான்னு."

உள்ளே உன் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அப்பன் இருக்கிறவன் எள்ளைக் கையால் தொடமாட்டான் என்பது நம் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நான் என்ன செய்வேன்? சிரித்தேன். "நான் செத்தப்புறம் மறந்துடப்போறான்னு முன்கூட்டியே விட்டிருப்பான்" என்றேன். சித்தப்பா சிரிக்கவில்லை. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, திருநீற்றுத் தட்டை நீட்டினால் சுண்ணாம்பா என்று கேட்ட பிள்ளை நீ. நம் வீட்டு அமாவாசைச் சாப்பாட்டில் காக்கைக்கு வைத்த வடையை எடுத்துத் தின்றுவிட்டு, "காக்கா சார்பா நான் வாங்கிக்கிட்டேன்" என்று சொன்னவன். நீ போய்க் கடலில் நின்று எள்ளு இறைத்தாய் என்றால், எந்த அளவுக்கு நான் செத்திருக்கவேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். சித்தப்பா போனதும் உன் அம்மா வந்தாள். "போய் என்னன்னு பார்த்துட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. தலையில் வைத்திருந்த பூவை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மாசி பிறந்ததும் கிளம்பினேன். மன்னார்குடியில் பஸ் ஏறி, திருத்துறைப்பூண்டியில் மாறி, வேதாரண்யத்தில் இன்னொரு தரம் மாறி. அறுவடை முடிந்த வயல்கள் இரண்டு பக்கமும் கூடவே வந்தன. வேதாரண்யம் தாண்டியதும் நெல் வயல் போய் உப்பளம் வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனேன். அங்கேயும் வரப்பு இருக்கிறது, பாத்தி இருக்கிறது, மட்டம் பார்த்துத் தண்ணீர் கட்டுகிறார்கள். எல்லாம் நம் ஊர் வேலை மாதிரியே. ஒரே வித்தியாசம், அதில் ஒரு புல் முளைத்தாலும் தப்பு. நம் நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்த வைரக்கண்ணு கடைசியாக வேலை பார்த்தது இங்கே ஏதோ ஒரு பாத்தியில்தான். எது என்று எனக்குத் தெரியாது. நம் வயலிலேயே அவன் பாத்தி எது என்று எனக்குத் தெரியாது என்று நீ சொல்வாய்.

சரி, அந்த விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். இது ஒன்றும் ரகசியமில்லை. நீயும் இருந்தாய், ஊரே இருந்தது. குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்து, சாவடியில் விசாரணை நடந்த அன்று நான் கரை வேட்டி கட்டிக்கொண்டு போயிருந்தேன். அந்த வருஷம் மிராசுதார்கள் எல்லோருக்கும் திடீரென்று கட்சிப்பற்று வந்திருந்தது. அதிகாரி கேட்டார், நேரடிச் சாகுபடியா, குத்தகையா? நேரடிதான் என்றேன். சேற்றில் கால் வைத்தால் சளி பிடித்துக்கொள்ளும் என்று வரப்பிலேயே நின்று வளர்ந்த கால் இது. "என்ன நெல்லு ரகம் போட்டிருக்கீங்க?" என்றார். எனக்குச் சோற்றில்தான் ரகம் தெரியும். நீயும் பார்த்தாயே, நான் என்னை அறியாமல் எந்தப் பக்கம் திரும்பினேன் என்று. தூண் ஓரம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற வைரக்கண்ணு, நாலு பேர் நடுவில் ஐயா முழிக்கிறாரே என்று தாங்காமல், மெல்லிய குரலில், "கோ இருவத்தஞ்சு" என்றான். கோ இருபத்தைந்து என்று நானும் சொன்னேன். தன் பேரை அடிக்கவேண்டிய பேனாவுக்கு அவனே மை தொட்டுக் கொடுத்தான். அதிகாரி தலையைத் தூக்கி, "இவரு யாரு?" என்று கேட்டார்.

"யாருமில்லைங்க" என்றேன்.

வைரக்கண்ணு மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது அதுதான். நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு சொல்லி, இரண்டு பேரும் சரிக்குச் சரி ஆகியிருப்போம். நீ அன்றைக்கே ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். அடுத்த போகத்துக்கு முன்னால் அவனும் அவன் பெண்சாதி அஞ்சலையும் உப்பளத்துப் பக்கம் போனார்கள். ஒரு வருஷம் தாங்கவில்லை, காய்ச்சல் கண்டு போய்விட்டான் என்று சேதி வந்தது. நான் போகவில்லை. பஸ் வசதி சரியில்லை என்று உன் அம்மாவிடம் சொன்னேன். பஸ் வசதி நன்றாகவே இருக்கிறது என்பதை இந்தத் தடவை கண்டுகொண்டேன்.

கோடிக்கரையில் இறங்கியவுடன் நேரே கடற்கரைக்குப் போயிருக்கலாம். தைரியம் வரவில்லை. வந்ததுதான் வந்தேன், இடத்தைச் சுற்றிப் பார்ப்போம் என்று குடையை விரித்துக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்தேன். உனக்கு அப்பனாக ஒரு புத்திமதி: மணலில் புதுச் செருப்போடு நடக்காதே. ஆயுசில் நான் சொந்த அனுபவத்திலிருந்து சொல்லும் முதல் புத்திமதி இது, மதித்துக்கொள். பாலை மரங்கள் காற்றுக்குப் பணிந்து எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன, ஆட்சி மாறினதும் நம்மூர்ப் பெரிய மனிதர்கள் சாய்ந்த மாதிரி. மட்டக்குதிரைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன. சேற்று நிலத்தில் பூநாரைகள், வெள்ளையும் ரோஜா நிறமுமாக, தலையைத் தண்ணீருக்குள் விட்டு எதையோ துழாவிக்கொண்டிருந்தன. தூரத்திலிருந்து பார்த்தபோது அத்தனை பேரும் குனிந்து நடவு நடுகிற மாதிரி இருந்தது. பாட்டுத்தான் இல்லை.

திறந்த புல்வெளிக்கு வந்தபோது மான்களைப் பார்த்தேன். கூட்டம் மேய்ந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு கலைமான், முதுகெல்லாம் கறுத்து, முறுக்கின கொம்போடு, அசையாமல் நின்றது. அதன் எல்லைக்குள் கொம்பு முளைத்த இளசு ஒன்று தப்பித்தவறிக் கால் வைத்தது. பெரியது கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரே பாய்ச்சலாக வந்து அதை விரட்டிவிட்டது. புல் அங்கே வேண்டிய மட்டும் கிடந்தது, தம்பி. எல்லோரும் தின்றாலும் தீராது. இருந்தாலும் விரட்டியது. விரட்டிவிட்டுத் தன் இடத்துக்கு வந்து நின்றுகொண்டு, அந்த இளசு போய் நின்ற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இளசு திரும்பிப் பார்க்கவில்லை. தொலைவில், தனியாக, தலையைக் குனிந்து மேய ஆரம்பித்துவிட்டது. நான் குடையை மடக்கிவிட்டு வெயிலிலேயே நின்றேன். நகைச்சுவையாக ஏதாவது தோன்றும் என்று பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

அங்கிருந்து ராமர் பாதம். மணல் மேட்டின் மேல் ஒரு மண்டபம், உள்ளே கல்லில் இரண்டு பாதச் சுவடு. ராமர் இலங்கையைப் பார்ப்பதற்காக இங்கே வந்து நின்றார் என்கிறார்கள். நீ இருந்திருந்தால் செருப்பு சைஸ் என்ன என்று கேட்டிருப்பாய். எனக்கு வேறு ஒன்று தோன்றியது. போகிற வழியில் ஒரு நிமிஷம் நின்றவருக்குக் கல்லில் சுவடு. காலம் முழுக்க நம் சேற்றில் நின்றவனுக்குத் தண்ணீர் பாய்ச்சினதும் அழிந்துபோகிற சுவடு. என்னுடையது அந்த வயலில் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் பட்டாவில் பேர் இருக்கிறது. கும்பிட்டுவிட்டு இறங்கினேன். எதற்குக் கும்பிட்டேன் என்று கேட்காதே. கை தானாகப் போகிறது.

கடைசியில் கடல். சோழர்கள் கட்டிய பழைய விளக்குக் கோபுரம் என்று சொல்லும் செங்கல் இடிபாடு கரையோரம் நிற்கிறது, பாதி தின்று வைத்த அதிரசம் மாதிரி. ஒரு காலத்தில் கப்பல்காரர்களுக்கு இங்கே கரை இருக்கிறது என்று சொன்ன கோபுரம். இப்போது அதன் தலையில் ஒரு பருந்து. அதன் நிழலில் தாழங்குடையை நட்டு, டிரான்சிஸ்டரைக் காதோரம் வைத்துக்கொண்டு புரோகிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அமாவாசை இல்லாத நாள், வேறு ஆள் இல்லை. என்னைப் பார்த்ததும் டிரான்சிஸ்டரை அணைத்தார்.

"வாங்கோ. யாருக்குப் பண்ணணும்?"

"இல்ல சாமி, ஒண்ணு விசாரிக்கணும். தை அமாவாசைக்கு ஒரு பையன் வந்தானாம். மெலிசா, உயரமா, கறுப்புச் சட்டை."

"ஆயிரம் பேர் வந்தா. ஆனா அவரை நன்னா ஞாபகம் இருக்கு" என்றார். "சட்டையைக் கழட்டுங்கோன்னேன். கழட்டி மடிச்சுக் கூட வந்த கிழவி கையில குடுத்தார். மந்திரம் சொல்லமாட்டேன், பேரை மட்டும் சொல்றேன்னார். கோத்திரம் என்னன்னேன். களிமண்ணுன்னு போட்டுக்கோங்கன்னார். இந்தக் கரையில இப்படி ஒருத்தர் வந்ததில்லை."

"என்ன பேரு சொன்னான்?"

"வைரக்கண்ணு. உமக்கு என்ன வேணும் அவர்னு கேட்டேன். கிழவிதான் சொன்னா, 'எம் புருஷன் சாமி, எங்களுக்குப் புள்ளை கிடையாது, நான்தான் இந்தப் புள்ளையக் கெஞ்சிக் கூட்டியாந்தேன்'னு."

எனக்கு உயிர் வந்தது. பொய் சொல்லவில்லை, அந்தச் செங்கல் குவியலில் சாய்ந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தேன். எனக்கு இல்லை. என் பிள்ளை எனக்குத் தண்ணீர் விடவில்லை. அஞ்சலை கெஞ்சினாள் என்பதற்காக, எதையும் நம்பாத பிள்ளை, சட்டையைக் கழற்றிவிட்டுக் கடலில் இறங்கியிருக்கிறது. உன்னை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. உன் அம்மாவிடம் போய் என்ன சொல்லவேண்டும் என்று மனதுக்குள் வாக்கியம் கட்ட ஆரம்பித்துவிட்டேன். புரோகிதர் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா எனக்கு ஒரு சங்கடம். சின்ன வயசா இருக்காரே. அப்பா இருக்காரான்னு கேட்டேன். இருந்தா எள்ளு தொடப்படாது, கிழவி கையால வேற மாதிரி பண்ணிக்கலாம்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"எள்ளுக்குக் கையை நீட்டினார். அப்புறம், 'இல்லைன்னு வச்சுக்கோங்க'ன்னார்."

அலை வந்து போனது. இன்னொன்றும் வந்து போனது. "கோவமாச் சொன்னானா சாமி?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லமாட்டாரா என்று இருந்தது. கோபமாகச் சொன்னது நாளைக்கு ஆறிவிடும்.

"கோவமெல்லாம் இல்லை. சாதாரணமாத்தான் சொன்னார். மணி என்னன்னு கேட்டா சொல்ற மாதிரி." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீங்க யார், அவருக்கு ஏதாவது சொந்தமா?"

"யாருமில்லை சாமி" என்றேன்.

சாவடியில் நானும் சாதாரணமாகத்தான் சொன்னேன், தம்பி. கோபமில்லை, பயம்கூட இல்லை. ஈ ஓட்டுகிற மாதிரி சொன்னேன். அங்கே நின்றுகொண்டிருந்தவனை யாருமில்லை என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று நீ என்னிடம்தான் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறாய். சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தது வைரக்கண்ணு, நீச்சல் கற்றுக் கொடுத்தது வைரக்கண்ணு, நெல்லுக்கும் களைக்கும் வித்தியாசம் காட்டியதும் அவன்தான். அப்பன் என்று நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தது இந்த ஒன்றே ஒன்றுதான் போலிருக்கிறது. அதை என்னைவிட நன்றாகச் செய்திருக்கிறாய்.

இதோடு கிளம்பி வந்திருந்தால் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். இன்னும் ஒன்று நடந்தது. எனக்கு அப்பா இல்லை, நான் எள்ளு தொடலாம். வந்த இடத்தில் வைரக்கண்ணுவுக்கு நானும் ஒரு கை விடுவோம், சாவடியில் இல்லை என்று சொன்ன பேரைக் கடலுக்கு முன்னால் ஒரு தடவையாவது வாயால் சொல்லுவோம் என்று தோன்றியது. "எனக்கும் ஒண்ணு பண்ணணும் சாமி" என்றேன். அவருக்குச் சந்தோஷம். தர்ப்பையைப் போட்டார், எள்ளை உள்ளங்கையில் வைத்தார், செம்புத் தண்ணீரை எடுத்தார்.

"பேர் சொல்லுங்கோ."

கேட்கிறவர் ஒருவர், பதில் சொல்லவேண்டியவன் நான். அதே இடம்தான், சாவடிக்குப் பதில் கடல். இந்தத் தடவை தூணோரம் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. வாயைத் திறந்தேன். என் அப்பா பேர் வந்தது.

அவர் அதைச் சொல்லித் தண்ணீரை ஊற்றினார். நான் எழுந்திருக்கவில்லை, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றும் சொல்லவில்லை. என் அப்பா, ஊரெல்லாம் நிலம் சேர்த்து வைத்தவர், ஒரு கை எள்ளு கூடுதலாக வாங்கிக்கொண்டு போனார். அந்தச் சாவடிக்கு மறுபடி கூப்பிட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில்தான் சாப்பிட்டேன், தூங்கினேன், இந்தப் பக்கத்தில் வேடிக்கையும் எழுதினேன். அதற்கும் கோடிக்கரையில் முடிவு தெரிந்துவிட்டது. எத்தனை தடவை கூப்பிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். இந்தக் கடிதத்தில்கூடப் பார், வைரக்கண்ணுவை 'அவன்' என்காதே என்று நீ எத்தனை சண்டை போட்டிருக்கிறாய், 'அவர்' என்று எழுத முயற்சி பண்ணினேன். இரண்டு வரிக்கு மேல் பேனா நகரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா வாசலிலேயே கேட்டாள். "நமக்கில்ல, வைரக்கண்ணுவுக்குத்தான் விட்டானாம். அஞ்சலை கேட்டுக்கிட்டாளாம்" என்றேன். அவள் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து மூஞ்சி கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, "வேற என்ன பார்த்தீங்க?" என்றாள். "மான் பார்த்தேன்" என்றேன். மீதியைச் சொல்லவில்லை. அவளுக்கு நான் இருந்துவிட்டுப் போகிறேன்.

உன்னை வா என்று கூப்பிட இதை எழுதவில்லை. வரமாட்டாய் என்று தெரியும். புத்திமதி சொல்லவும் இல்லை. செருப்பைப் பற்றிச் சொன்னதோடு என் கையிருப்பு தீர்ந்துவிட்டது. ஒன்றே ஒன்று. அடுத்த தை அமாவாசைக்கும் அஞ்சலை கேட்பாள். கூட்டிக்கொண்டு போ. மந்திரம் சொல்லாவிட்டால் பரவாயில்லை, பேரை மட்டும் கொஞ்சம் உரக்கச் சொல். அந்தப் புரோகிதர் மறதிக்காரர் இல்லை, இருந்தாலும் முறைக்காக, அப்பா இருக்காரா என்று மறுபடியும் கேட்பார். போன தடவை சொன்னதையே சொல். நான் வைரக்கண்ணு நின்ற தூணோரம்தான் நிற்பேன். மறுத்து ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

அப்பா